வானம் பார்த்த பூமியும் துடிக்கும் விண்மீன்களும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் எம்மைப் பணித்தனர். கரிசல் நிலத்து வேளாண்மையைப் பற்றியோ, தீப்பெட்டித் தொழிலில் உழல்வோரின் உடல்நலத்தைப் பற்றியோ நாம் பேசக்கூடும் எனப் பலர் எண்ணியிருப்பீர்கள். அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, கண்ணுக்கே புலப்படாத சில விண்மீன்களின் துடிப்பு. இப்பொருளை வேண்டுமென்றே தேர்ந்துகொண்டோம். உடனடிப் பயன் தரும் கல்வியே நம் பிள்ளைகளுக்குப் போதும் என்னும் எண்ணம் பிறரிடத்தில் மட்டுமன்று, நம்மிடத்திலும் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் சரிதானா என்பதை இவ்விண்மீன்களைக் கொண்டே ஆராய்ந்து பார்க்க விழைகின்றோம்.

நம் கரிசல் காட்டை 'வானம் பார்த்த பூமி' என்பர். ஆறும் கால்வாயும் அற்ற இந்நிலத்தில் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மழையை நம்பியே விளைகின்றன. ஆதலால் வானத்தைப் பார்ப்பது நம் முன்னோர்க்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. அறுமீன் கூட்டமாகிய கார்த்திகை எப்போது எழுகிறது, விடிவெள்ளி எப்போது தோன்றுகிறது என்பதைக் கொண்டு இரவின் நாழிகையை அறிந்து ஏர் பூட்டச் சென்றவர்கள் அவர்கள். அதே வானத்தைக் காட்டித்தான், "உன் பிறப்பும் உன் நிலையும் கோள்களாலும் மீன்களாலும் விதிக்கப்பட்டவை" என்றும் நம்மிடம் கூறப்பட்டது. விண்மீன் என்பது உண்மையில் யாது என்று அறிந்துகொள்ளும் உரிமை பிறர்க்கு இருப்பதைவிட நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு என்பது நம் கருத்து.

விண்மீன்கள் யாவும் ஒரே நிலையில் ஒளிர்வன அல்ல. சில மீன்களின் ஒளி கூடிக் குறைகிறது. இவற்றை மாறொளி மீன்கள் என்பர். இத்துறையில் நம் தமிழ் மண்ணுக்கு நெடிய தொடர்பு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் நிறுவப்பெற்ற வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பார், 1867-ஆம் ஆண்டில் தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் மாறொளி மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அதன் ஒளி ஏறியிறங்க ஒன்பது மாதங்கள் ஆகின்றன. 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் அவர் சிறு நூல் வெளியிட்டார். வானியலைத் தாய்மொழியில் பாமரர்க்குச் சொல்லலாம் என்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சான்று உள்ளது.

அந்நிலையத்தின் மரபு 1899-இல் கொடைக்கானலுக்குச் சென்றது. பின்னர் வைணு பாப்பு அவர்களின் முயற்சியால் 1960-களின் இறுதியில் ஜவ்வாது மலையின் காவலூரில் புதிய ஆய்வுக்கூடம் உருப்பெற்றது. அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கிக்கு 1986-இல் அவர் பெயரே சூட்டப்பெற்றது.

இனி நம் பொருளுக்கு வருவோம். விண்மீன்களின் ஒளியை ஒரு பக்கமும் வெப்பத்தை மறுபக்கமும் குறித்து வானியலார் ஒரு படம் வரைந்தனர். பெரும்பாலான மீன்கள் அப்படத்தில் ஒரு சாய்ந்த வரிசையில் அமைந்தன. நம் சூரியனும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. அவ்வரிசையிலுள்ள சாதாரண மீன்களைக் குறுமீன்கள் என்றனர். அவ்வரிசைக்குக் கீழே விழுந்த சிலவற்றுக்குக் கீழ்க்குறுமீன்கள் என்று பெயரிட்டனர். அவற்றுள் மிகுந்த வெப்பம் உடையவை வெப்பக் கீழ்க்குறுமீன்கள். 'கீழ்' என்னும் ஒட்டைக் கேட்டு ஏமாற வேண்டா. இவற்றின் மேற்பரப்பு வெப்பம் 20,000 முதல் 40,000 பாகை வரை செல்லும். சூரியனுடையதோ ஏறத்தாழ 5,800 பாகைதான். உருவில் சூரியனைவிட மிகச் சிறியவையாயினும் இவை வீசும் ஒளி சூரியனைவிடப் பன்மடங்கு மிகுதி. கீழ் என்ற சொல் படம் வரைந்தவர்கள் இட்ட கோட்டைக் குறிக்கிறதேயன்றி, அம்மீனின் தன்மையைக் குறிக்கவில்லை. பெயர் வைப்பவர் கையில் கோடு இருக்கும்போது இவ்வாறு நேர்வதை நாம் வேறிடங்களிலும் அறிவோம்.

இம்மீன்கள் தோன்றும் வரலாறு வியப்பானது. சூரியனையொத்த மீன் ஒன்று தன் நடுவிலுள்ள ஹைட்ரஜனை எரித்துத் தீர்த்தபின் உப்பிப் பெருத்துச் செம்பெருமீன் ஆகிறது. அந்நிலையில், பெரும்பாலும் அருகிலுள்ள துணைமீனின் ஈர்ப்பால், அதன் வெளிப்போர்வை முழுவதும் உரிக்கப்பட்டுவிடுகிறது. எஞ்சுவது ஹீலியம் எரியும் உட்கரு. அதன்மேல் மெல்லிய தோல்போல் சிறிதளவு ஹைட்ரஜன். எடை சூரியனில் ஏறத்தாழப் பாதி. போர்வை பறிக்கப்பட்டதால் அணைந்துவிடவில்லை. உள்ளிருந்த வெப்பம் வெளியே தெரியலாயிற்று. இந்நிலையில் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகள் ஒளிர்ந்தபின் இவை வெண்குறுமீன்களாகக் குளிர்கின்றன.

இத்தகைய மீன்களை முதன்முதலாக இனங்கண்டவர்கள் யார்? 1947-இல் அமெரிக்காவில் மங்கலான நீல மீன்களைத் தேடிய ஹியூமாசன், சுவிக்கி என்னும் இருவர். இவருள் மில்டன் ஹியூமாசனின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டவர் அவர். வில்சன் மலைமேல் வானாய்வுக்கூடம் கட்டப்பட்டபோது, கோவேறு கழுதைகளின் முதுகில் சாமான்களை ஏற்றி மலைப்பாதையில் ஓட்டிச் சென்றார். 1917-இல் அந்த ஆய்வுக்கூடத்திலேயே துப்புரவும் காவலுமான கடைநிலைப் பணியில் சேர்ந்தார். இரவுகளில் தொலைநோக்கியை இயக்க உதவினார். அவருடைய கைநேர்த்தியையும் பொறுமையையும் கண்ட இயக்குநர் ஹேல், இரண்டே ஆண்டுகளில் அவரை ஆய்வாளர் குழுவில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் பேரண்டம் விரிகிறது என்பதற்குச் சான்றான அளவுகளை ஹபிளுடன் சேர்ந்து எடுத்தவர் இவரே. 1950-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். "அவரைப்போல் நீயும் உழைத்தால் உயரலாம்" என்று மட்டும் சொல்லிப் போய்விட நாம் விரும்பவில்லை. உழைப்புக்கு நம் மக்களிடம் என்றுமே குறைவு இருந்ததில்லை. ஹியூமாசனுக்குக் கதவு திறந்தது, அதுதான் வேறுபாடு. சாமான் சுமந்தவனைத் தொலைநோக்கியைத் தொடவிட்டவர் ஒருவர் அங்கே இருந்தார்.

வெப்பக் கீழ்க்குறுமீன்கள் துடிக்கின்றன என்பது அறியப்பட்டது அண்மைக் காலத்தில்தான். 1996-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ஆய்வாளர்கள், இம்மீன்கள் துடிக்கக்கூடும் எனக் கணக்கிட்டுக் கூறினர். அதே காலத்தில், அக்கணக்கைச் சாராமலேயே, தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்து ஆய்வுக்கூடத்தில் கில்கென்னியும் அவருடைய தோழர்களும் அத்துடிப்பை நேரில் அளந்து, 1997-இல் வெளியிட்டனர். ஹைட்ரா என்னும் நீர்ப்பாம்பு மண்டலத்திலுள்ள அம்மீன், சித்திரை மாதத்து நள்ளிரவில் நம் கோவில்பட்டியின் தென்வானில் பாதி உயரத்துக்கும் மேலே நிற்கும். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நாம் காணக்கூடிய மிக மங்கிய மீனைவிடப் பல ஆயிரம் மடங்கு மங்கலானது. அதன் ஒளி 144 வினாடிக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. ஒரு நாளைக்கு 600 துடிப்புகள். கூடிக் குறையும் அளவோ நூற்றில் ஒரு பங்குதான். நூறு விளக்குகள் எரியும் திருவிழாப் பந்தலில் ஒரேயொரு விளக்கு அணைந்து எரிந்தால் எவ்வளவு வேறுபாடோ அவ்வளவே. அதனைக் கண்டுபிடிக்க, அருகிலுள்ள துடிப்பற்ற மீனொன்றுடன் ஒப்பிட்டு, சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒளியை அளந்து அளந்து, இரவு முழுதும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணுவதற்குப் பொறுமையும் நேர்மையும் வேண்டும், குலம் வேண்டியதில்லை.

இம்மீன் ஏன் துடிக்கிறது? கஞ்சி கொதிக்கும் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிட்ட பானையில் ஆவி வெளியேற வழியின்றித் திரள்கிறது. திரண்ட ஆவி மூடியைத் தூக்குகிறது. இடுக்கு வழியே ஆவி வெளியேறியதும் மூடி மீண்டும் அமர்கிறது. அடுப்பு எரியும்வரை மூடி ஆடிக்கொண்டே இருக்கும். விண்மீனுக்குள் இந்த மூடியாக அமைவது இரும்பு. மேற்பரப்புக்குக் கீழே, வெப்பம் ஏறத்தாழ இரண்டு லட்சம் பாகையாக உள்ள அடுக்கில், இரும்பணுக்கள் உள்ளிருந்து வரும் ஒளியை மறிக்கின்றன. அடுக்கு சுருங்கும்போது மறிப்பு மிகுகிறது. தேங்கிய வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்ததும் மறிப்புக் குறைந்து வெப்பம் கசிகிறது. அடுக்கு மீண்டும் உள்ளே விழுகிறது. மூடி ஆடுவது போன்றதே இத்துடிப்பு.

அவ்வளவு இரும்பு அவ்வடுக்கில் எவ்வாறு சேர்ந்தது என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. களத்தில் கம்பு தூற்றுகையில் காற்றைப் பிடிக்கும் உமி தூக்கிச் செல்லப்படுகிறது. காற்றைப் பிடிக்காத மணி கீழே விழுகிறது. விண்மீனுக்குள் காற்றின் வேலையை ஒளி செய்கிறது. ஒளியை மிகுதியாகப் பிடிக்கும் இரும்பணுக்களை ஒளியே மேல்நோக்கித் தள்ளி அவ்வடுக்கில் நிறுத்துகிறது. மான்ட்ரியல் ஆய்வாளர்கள் இதனைக் கணக்கில் சேர்த்ததால்தான் துடிப்பை முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

துடிப்பை அறிவதால் வரும் பயன் யாது? இதனை விளக்க, நாம் நன்கறிந்த ஒரு கருவியைச் சொல்கின்றோம். பறையை நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கும்போது அதன் ஒலி உயர்வதை நீங்கள் அறிவீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டே, தோல் எவ்வளவு இறுகியுள்ளது, வட்டம் சிறிதா பெரிதா, கட்டில் விரிசல் உண்டா என்பதை அடிப்பவர் சொல்லிவிடுவார். விண்மீனின் துடிப்பைக் கொண்டு வானியலார் செய்வதும் இதுவே. எவரும் சென்று அறுத்துப் பார்க்க முடியாத மீனின் எடையையும், மேல்தோலின் தடிப்பையும், உட்கருவின் நிலையையும் துடிப்பின் கால அளவுகளிலிருந்து கணிக்கின்றனர். சில நிமிடங்களில் முடியும் விரைவுத் துடிப்புகள் வெளியடுக்குகளைப் பற்றிக் கூறும். 2003-இல் அரிசோனாவின் எலிசபெத் கிரீனும் அவர் குழுவினரும் அறிவித்த, ஒரு மணி நேர அளவிலான மெதுவான துடிப்புகளோ உட்கருவின் அருகே வரை ஊடுருவிச் செல்வன. பின்னர் 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர், 2018-இல் ஏவப்பட்ட டெஸ் ஆகிய விண்கலங்கள் பகலும் முகிலும் குறுக்கிடாமல் தொடர்ந்து அளந்ததால் இவ்வாராய்ச்சி விரைந்து வளர்ந்துள்ளது.

பறையைச் சொன்னதும் அவையில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். அது நமக்குப் புரியாததன்று. சாவு வீட்டில் அடித்தே தீர வேண்டும் என்று அக்கருவியை நம்மீது சுமத்தியதும், மறுத்தவர்களை அடித்ததும் இம்மண்ணில் நடந்தவையே. மறுத்தவர்களின் துணிவை வணங்குகின்றோம். ஆனால் சுமத்தப்பட்ட வேலை வேறு. அவ்வேலையில் நம் முன்னோர் தேடிக்கொண்ட அறிவு வேறு. ஒலியைக் கேட்டு உள்ளிருப்பதை அறியும் காது ஓர் அறிவுக்கருவி. அதற்கு ஏடும் எழுத்தும் கணக்கும் சேர்ந்திருந்தால் அது இயற்பியலாகியிருக்கும். அவை சேராதபடி பார்த்துக்கொண்டனர் என்பதே நம் வரலாறு.

அவ்வாறு தடுக்கப்பட்டும் தடையைக் கடந்த ஒருவர் இத்துறையின் அடித்தளத்திலேயே நிற்கிறார். அவர் மேகநாத் சாகா. 1893-இல் டாக்கா மாவட்டத்துச் சிற்றூரொன்றில், தாழ்ந்தது எனக் கருதப்பட்ட குடியில், சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். ஊரில் மேற்படிப்புக்குப் பள்ளியில்லை. அயலூர் மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் தங்கவைத்து உணவளித்தார். மாட்டைப் பராமரிக்க வேண்டும், தம் தட்டைத் தாமே கழுவிக்கொள்ள வேண்டும் என்பன அதற்கு விதிகள். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, விடுதியில் மேல்சாதி மாணவர் சிலர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையிலும் ஒதுக்கினர். அந்த மேகநாத் சாகாதான் 1920-இல், ஓர் அணு எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில் தன் மின்னணுக்களை இழக்கும் என்பதற்கான சமன்பாட்டை உலகுக்கு அளித்தார். அதனைக் கொண்டே விண்மீன்களின் ஒளிப்பட்டையைப் படித்து வெப்பத்தை அறியும் வழி திறந்தது. 1925-இல் சிசிலியா பெயின் என்னும் இளம்பெண் அதே சமன்பாட்டைக் கையாண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டறிந்தார். நாம் இதுவரை கூறிய 20,000 பாகை, 40,000 பாகை என்னும் அளவுகளும், இரும்பணு ஒளியை மறிக்கும் கணக்கும் சாகா இட்ட பாதையில் வந்தவையே. கலைமகள் பூசையில் ஒதுக்கப்பட்டவரின் சமன்பாடின்றி இன்று எந்த நாட்டவரும் விண்மீனைப் படிக்க இயலாது.

இன்னொரு தமிழர் பெயரையும் சொல்ல வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், வளிமக் கோளங்கள் எவ்வாறு துடிக்கும் என்பதற்கான பொதுக் கணித நெறியை 1964-இல் வகுத்தார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்குக் கல்வி குடும்பத்திலேயே இருந்தது. சாகாவுக்கு அயலார் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. அறிவியலுக்கு இருவரும் வேண்டியிருந்தனர். முதல் வகையினர் தாமே வருவர். இரண்டாம் வகையினரைக் கொண்டுவருவதற்குத்தான் இத்தகைய கழகங்கள்.

சிலர் கேட்கலாம்: "தீப்பெட்டி ஆலைக்குப் போகாமல் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துவதே பெரும்பாடு. விண்மீனைப் படித்து என்ன கிடைக்கும்?" இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். பசியை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. ஆனால் நம்மைச் சுற்றி நடப்பதையும் பார்க்க வேண்டும். நம் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பெற்றது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ஏவூர்திப் பொறிகள் சோதிக்கப்படுகின்றன. 2015-இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் புறஊதாத் தொலைநோக்கி, வெப்பம் மிகுந்த மீன்களைக் காண்பதற்கே ஏற்றது. இவையெல்லாம் நம் வாசலுக்கு வந்தபின், அவற்றின் வாயிற்காப்பாளராகவும் தோட்டப் பணியாளராகவும் மட்டுமே நம் பிள்ளைகள் நுழைவார்களேயானால், அது விதியன்று. நாம் படிக்கவைத்த பாடத்தின் விளைவு.

சதர்லாந்தைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். அதுவும் நம் ஊரைப் போல மழை குறைந்த வறண்ட மேட்டுநிலம். வறட்சியால் வானம் தெளிந்திருப்பதே அங்கே ஆய்வுக்கூடம் அமையக் காரணம். அந்நாட்டில் நிறவெறி ஆட்சி 1994-இல் முடிவுற்றது. கறுப்பின மக்கள் இத்துறைக்குத் தாமாக வந்து சேர்வார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 2003-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல், விண்வெளி அறிவியலுக்கென ஒரு தேசியப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, ஒதுக்கப்பட்டிருந்த சமூகங்களின் மாணவர்களை அழைத்துச் சேர்த்தனர். கதவைத் திறந்து வைப்பதோடு நில்லாமல் வாசல்வரை சென்று அழைத்துவர வேண்டும் என்பதற்கு இது முன்மாதிரி.

ஆகவே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இக்கழகத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுக்க விரும்பும் பிள்ளையை, குறிப்பாகப் பெண்பிள்ளையை, "உனக்கு அது வராது" என்று எவரும் திருப்பி அனுப்பாதபடி மாலை வகுப்பும் விடுதியும் அளித்துக் காக்க வேண்டும். இரண்டு, பூட்டிய அலமாரிக்குள் அல்லாமல், பிள்ளைகளின் கைகளுக்கு எட்டும்படி ஒரு சிறு ஆய்வுக்கூடமும் ஒரு தொலைநோக்கியும் அமைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் உடையட்டும், வேறு வாங்கலாம். மூன்று, ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர்களைக் கொடைக்கானலுக்கும் காவலூருக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே பணிபுரிவோரும் கையும் கண்ணும் உடைய மனிதரே என்பதை அவர்கள் நேரில் காண வேண்டும்.

பண்டிதர் அயோத்திதாசரும் அவர் காலத்தவரும் சென்னையில் பஞ்சமர் பள்ளிகள் தோன்றத் துணைநின்றபோது, எழுத்தறிவே எட்டாக்கனியாக இருந்தது. 1945-இல் அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது, கல்லூரிக் கல்வியை நோக்கினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றியது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிட ஒரு படி கூடுதலாகவே கேட்டது. எழுத்தைக் கேட்டோம், பட்டத்தைக் கேட்டோம், பணியைக் கேட்டோம். இனி ஆராய்ச்சியையும் கேட்போம். எவருக்கும் உடனே பயன்படாத ஒன்றை, அது உண்மை என்பதற்காகவே அறிந்துகொள்ளும் உரிமையும் கல்வியுரிமையின் ஒரு பகுதியே.

மாணவச் செல்வங்களே, இன்றிரவு ஊர் திரும்பும்போது தெருவிளக்கு முடியும் இடத்தில் சற்று நின்று தென்வானத்தைப் பாருங்கள். நாம் சொன்ன மீன் உங்கள் கண்ணுக்குப் படாது. ஆயினும் அங்கே எண்ணி முடிக்கப்படாத துடிப்புகள் ஏராளமாக உள்ளன. அவற்றை எண்ணும் பணிக்கு உங்களில் சிலர் வர வேண்டும்.